போலந்தின் குட்டிக் கார் மாலுக்: மலிவு விலையும் நீண்ட காத்திருப்பும்

1973 பிப்ரவரியில் போலந்தின் அரசு சேமிப்பு வங்கியான பி.கே.ஓ. ஒரு காருக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தது. அந்தக் கார் அதுவரை போலந்தில் ஒன்றுகூடத் தயாராகியிருக்கவில்லை. பணம் கட்டுகிறவர்களுக்கு 1977-க்கும் 1980-க்கும் இடையே கார் கிடைக்கும் என்று சொன்னார்கள். குறைந்தது நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அப்படியும் மக்கள் கட்டினார்கள்.

அந்தக் கார்தான் போல்ஸ்கி ஃபியட் 126பி. ஊரார் கொஞ்சலாக வைத்த பெயர் மாலுக்; குட்டிப் பயல் என்று சொல்கிற மாதிரி. நீளம் மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், எடை சுமார் 600 கிலோ, எஞ்சின் பின்பக்கம். 1973-லிருந்து 2000 வரை போலந்தில் மட்டும் 33 லட்சத்துக்கு மேல் தயாரானது.

கம்யூனிஸ்ட் நாடுகளைப் பற்றிப் பேசும்போது ‘பொருள் மலிவுதான், ஆனால் கிடைக்காது’ என்பார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பற்றாக்குறைப் பொருளாதாரம் என்று சொல்வார்கள். கேட்டால் புரிந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் அது எப்படி இருந்தது என்பது பிடிபடாது. மாலுக்கின் கதை வழியாகப் போனால் பிடிபடும் என்று நினைக்கிறேன். ஒரு சமையலறைச் சாமானில்கூட இதைக் காட்டலாம்தான். ஆனால் கார் விஷயத்தில் காத்திருப்பு நாள்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் இருந்தது. அதனால் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு கலவரமும் ஒரு வாக்குறுதியும்

இரண்டாம் உலகப் போரில் போலந்து சின்னாபின்னமானது. போருக்குப் பிறகு வார்சாவில் கட்டிய எஃப்.எஸ்.ஓ. தொழிற்சாலையில் 1951-லிருந்து வார்ஷாவா என்ற கார் வந்தது. சோவியத் நாட்டின் பொபியெதா காரின் உரிமத்தில் செய்தது. பெரும்பாலும் அலுவலகங்களுக்கும் டாக்ஸிக்கும் போனது. 1957-ல் சிரெனா வந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட, போலந்துக்காரர்களே வடிவமைத்த கார். அதே காலத்தில் மியெலெட்ஸ் ஊரின் விமானத் தொழிற்சாலை மிக்ருஸ் என்ற மிகச் சிறிய காரைச் செய்து பார்த்தது. இரண்டாயிரத்தைக்கூடத் தொடாமல் 1960-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

1956 முதல் கட்சித் தலைவராக இருந்த விளாடிஸ்லாவ் கோமுல்காவுக்குத் தனியார் கார் என்பது அவசியமான பொருளே இல்லை. தொழிலாளிக்குப் பேருந்தும் ரயிலும் போதும் என்பது அவருடைய எண்ணம். 1967-ல் ஃபியட் உரிமத்தில் 125பி என்ற கார் வந்தது. ஆனால் அது பெரிய கார், சாதாரண ஆள் கைக்கு எட்டாது. 1970-ல் மூன்றேகால் கோடி மக்கள் இருந்த நாட்டில் ஐந்து லட்சம் கார்கூட இல்லை.

அந்த வருடம் டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, அரசு உணவுப் பொருட்களின் விலையை ஏற்றியது. க்டான்ஸ்க், க்டினியா, ஷ்செச்சின் ஆகிய துறைமுக நகரங்களில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டது, பலர் செத்தார்கள். கோமுல்கா பதவி இழந்தார். எட்வர்ட் கியெரெக் வந்தார்.

கியெரெக் இளமையில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிறகு நிலக்கரிப் பகுதியான கடோவிட்ஸேயில் நீண்ட காலம் கட்சிப் பொறுப்பில் இருந்தவர். தொழிலாளியைச் சுட்ட அரசின் மேல் மக்களுக்கு மறுபடி நம்பிக்கை வர வேண்டும் என்றால் அவர்கள் வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஒன்று வேண்டும். சம்பளம் கூட்டினார். மேற்கத்திய வங்கிகளில் கடன் வாங்கித் தொழிற்சாலைகள் கட்டினார். ‘சாதாரணக் குடும்பத்துக்கும் ஒரு கார்’ என்பதும் அந்த வாக்குறுதியின் ஒரு பகுதி. இது தெரியாமல் மாலுக்கை வெறும் வண்டியாகப் பார்த்தால் கதையே மாறிவிடும். துறைமுகத் தெருக்களில் சிந்திய ரத்தத்துக்கு அடுத்து வந்த பதில்களில் அது ஒன்று.

1971 அக்டோபர் 29-ல் ஃபியட்டுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபியட் 126 என்ற கார் அப்போது உலகத்துக்கே அறிமுகமாகியிருக்கவில்லை. 1972 இலையுதிர்காலத்தில் டுரின் கண்காட்சியில்தான் அதைக் காட்டினார்கள். இத்தாலியின் புகழ்பெற்ற குட்டி ஃபியட் 500-க்கு வாரிசு அது. எஞ்சினும் அந்தக் காரின் வழிவந்ததுதான். தெற்குப் போலந்தில் மலையடிவார ஊரான பியெல்ஸ்கோ-பியாவாவில் இருந்த எஃப்.எஸ்.எம். தொழிற்சாலையில், இத்தாலியிலிருந்து வந்த பாகங்களைப் பொருத்தி 1973 ஜூன் 6-ல் முதல் கார்களைச் செய்தார்கள். 1975-ல் பக்கத்திலேயே திஹி நகரில் இன்னொரு பெரிய தொழிற்சாலை திறந்தது.

விலை 69,000. உண்மையான விலை என்ன?

ஆரம்பத்தில் மாலுக்கின் அரசு விலை 69,000 ஸ்லாட்டி; ஸ்லாட்டி என்பது போலந்தின் நாணயம். 1973-ல் சராசரி மாதச் சம்பளம் சுமார் 2,800 ஸ்லாட்டி. ஒரு பைசா செலவழிக்காமல் இரண்டு வருடச் சம்பளத்தைச் சேர்த்தால் ஒரு கார். மலிவு என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் மற்ற எந்தக் காரையும்விட இது எட்டுகிற தூரத்தில் இருந்தது. குடும்பத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் முடிகிற காரியம்.

சரி, பணம் இருக்கிறது. கடைக்குப் போய் வாங்கிவிடலாமா? முடியாது. இங்கேதான் பற்றாக்குறைப் பொருளாதாரத்தின் வேலை ஆரம்பமாகிறது.

சந்தை இருக்கிற நாட்டில் ஒரு பொருளை நிறையப் பேர் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: விலை ஏறும், அல்லது இன்னும் அதிகமாகச் செய்து விற்பார்கள். போலந்தில் இரண்டும் தானாக நடக்காது. விலையை வைப்பது அரசு, எத்தனை கார் செய்வது என்பதை முடிவுசெய்வது திட்டக் குழு. தொழிற்சாலை இயக்குநருக்கு வாடிக்கையாளர் கவலை கிடையாது. திட்டத்தில் போட்ட எண்ணிக்கையை எட்டினால் போதும். போட்டியாக இன்னொரு கம்பெனியும் இல்லை. எஃகு, டயர், பேட்டரி எல்லாம் வேறு வேறு அரசு ஆலைகளிலிருந்து வர வேண்டும். அவற்றில் ஒன்று தாமதமானால் அசெம்பிளி லைன் தடுமாறும். அது போதாதென்று, வாங்கிய கடனை அடைக்க வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்று கார்களிலும் பாகங்களிலும் ஒரு பங்கை ஏற்றுமதி செய்தார்கள்.

விலை ஏறாது, சரக்கும் போதாது என்றால் யாருக்குக் கிடைக்கும் என்பதை வேறு ஏதாவது தீர்மானித்தாக வேண்டும். போலந்தில் அதை மூன்று விஷயங்கள் தீர்மானித்தன: நேரம், செல்வாக்கு, டாலர்.

நேரம் என்பது முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது. பி.கே.ஓ. வங்கியில் கார் சேமிப்புப் புத்தகங்களும் இருந்தன. அவற்றில் வட்டிக்குப் பதிலாகக் குலுக்கல் நடத்திச் சிலருக்குக் காரைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதிர்ஷ்டம் அடித்தவருக்கு அடித்தது. மற்றவர்கள் சேமித்துக்கொண்டே இருந்தார்கள். அரசுக்கு இதில் இரட்டை லாபம். கியெரெக் காலத்தில் சம்பளம் ஏறியது, ஆனால் அந்த அளவுக்குக் கடைகளில் பொருள் ஏறவில்லை. மக்கள் கையில் சும்மா கிடந்த பணத்தை இந்த முன்பணத் திட்டம் உறிஞ்சிக்கொண்டது. நாளைய காரைக் காட்டி இன்றைய சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

செல்வாக்கின் பெயர் தாலோன். வரிசையைத் தாண்டி அரசு விலைக்கே கார் வாங்க உரிமை தருகிற ஒரு சீட்டு அது. நல்ல உழைப்பாளிக்கு, மருத்துவருக்கு, சுரங்கத் தொழிலாளிக்கு என்று கொடுப்பார்கள். கட்சிக்காரருக்கும் அதிகாரிக்கும் வேண்டியவருக்கும் கொடுப்பார்கள். யாருக்குத் தாலோன் என்று முடிவுசெய்கிற ஆள் ஒரு ஊரில் எவ்வளவு பெரிய மனிதர் ஆகிவிடுவார் என்று யோசித்துப் பாருங்கள். பொருள் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் அப்படி ஒரு பதவிக்கே வேலை இல்லை.

டாலர் விஷயம் இன்னும் நேரடியானது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் உறவினர் இருந்த குடும்பங்களுக்கு அங்கிருந்து பணம் வரும். அந்த வெளிநாட்டுப் பணத்தைக் கட்டினால், போலந்தில் செய்த அதே காரை வரிசையில் நிற்காமல் எடுத்துக்கொள்ளலாம். சொந்த நாட்டின் பணத்துக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு, அயல்நாட்டுப் பணத்துக்கு உடனடிச் சேவை. உழைப்பாளியின் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில், சிகாகோவில் ஒரு சித்தப்பா இருப்பது இருபது வருட உழைப்பைவிடப் பெரிய தகுதியாகிப் போனது. இந்த அமைப்பிலேயே எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

இந்த மூன்றும் இல்லாதவருக்கு நான்காவதாக ஒரு வழி இருந்தது: ஞாயிற்றுக்கிழமைக் கார் சந்தை. நகரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் பழைய கார்களையும் ‘பழைய’ என்று பெயர் பண்ணிய புத்தம்புதிய கார்களையும் நிறுத்தி விற்பார்கள். அங்கே ஓடிய மாலுக்கின் விலை, தொழிற்சாலையிலிருந்து வரும் புது மாலுக்கின் அரசு விலையைவிட அதிகம். முதலில் கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். ஓட ஓட மதிப்பு குறைவதுதானே காரின் இயல்பு?

விளக்கம் எளிது. புதுக் காரின் 69,000 என்பது முழு விலை இல்லை. அதோடு நான்கைந்து வருடக் காத்திருப்பும் சேர்ந்ததுதான் முழு விலை. சந்தையில் நிற்கிற பழைய கார் இன்றைக்கே கிடைக்கும். காத்திருக்க வேண்டாம் என்பதற்கான காசு அதன் விலையிலேயே ஏறியிருக்கிறது. அந்த அதிகப்படியான தொகை எவ்வளவோ, மக்கள் தங்கள் நேரத்துக்குப் போட்ட மதிப்பும் அவ்வளவு. அரசு விலைப்பட்டியலில் வராத உண்மையான விலை மைதானத்தில்தான் தெரிந்தது.

இதனால் கார் ஒரு சேமிப்பாகவும் மாறியது. ஸ்லாட்டியின் மதிப்பு குறைந்துகொண்டே போன காலத்தில், அரசு விலைக்கு ஒரு மாலுக் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்றால்கூடப் போட்ட பணத்துக்கு மேலே வரும். அதனால் கார் தேவையில்லாதவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள். வரிசை இன்னும் நீண்டது. பற்றாக்குறையே பற்றாக்குறையை வளர்க்கும் என்று சொல்வது இதைத்தான்.

வண்டிக்குள் என்ன இருந்தது

மாலுக்கின் எஞ்சின் 594 சி.சி., இரண்டு சிலிண்டர், 23 குதிரைத்திறன். 1977-ல் அது 652 சி.சி., 24 குதிரைத்திறன் ஆனது. முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர் போகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடுவில் நீளமான தண்டு தேவையில்லை. காற்றே எஞ்சினைக் குளிர்விப்பதால் ரேடியேட்டரும் தேவையில்லை. பாகங்கள் குறைந்தால் செலவு குறையும், கெட்டுப்போகிற இடங்களும் குறையும். போலந்தின் குளிர்காலத்தில் இதற்கு இன்னொரு பலனும் இருந்தது: உறைந்துபோகத் தண்ணீரே வண்டியில் கிடையாது.

ஆனால் உள்ளே சூடு போதாது. எஞ்சின் சூட்டைக் காற்றோடு கொண்டுவந்து உள்ளே விடுகிற ஏற்பாடு கடுங்குளிரில் திணறும். கண்ணாடியில் உள்பக்கமே பனி படியும். கோடையில் நேர் எதிர்ச் சிக்கல். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கொதிக்கும் என்று பின்மூடியை ஒரு கட்டையை வைத்துக் கொஞ்சம் திறந்தே விட்டு ஓட்டுவார்கள்.

முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையில் இரண்டு சின்ன நெம்புகோல்கள் உண்டு. ஒன்று குளிரில் எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக். இன்னொன்று ஸ்டார்ட்டர், சாவியைத் திருப்பிவிட்டு இதை மேலே இழுத்தால்தான் வண்டி கிளம்பும். இதிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு கேபிள் போகிறது. அது அறுந்துபோவது வழக்கம். அறுந்தால் பின்மூடியைத் திறந்து, ஒரு துடைப்பக் கட்டையை விட்டு ஸ்டார்ட்டரின் கையைத் தள்ளிக் கிளப்புவார்கள். விசிறி பெல்ட் அறுந்தால் பெண்களின் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்த கதைகள் போலந்து முழுக்க உண்டு.

உதிரிபாகத்துக்கும் அதே தட்டுப்பாடு என்பதால் ஒவ்வொரு ஓட்டுநரும் பாதி மெக்கானிக் ஆனார். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள முற்றத்தில் சனிக்கிழமை ஒருவர் எஞ்சினைக் கழற்றினால் அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது வைப்பரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது சாதாரணப் பழக்கம். இல்லையென்றால் காலையில் இருக்காது. உறைபனி இரவுகளில் பேட்டரியையும் சமையலறைக்குத் தூக்கிப் போவார்கள்.

இவ்வளவு தொல்லை கொடுத்த வண்டியை ஏன் இத்தனை பாசத்தோடு நினைக்கிறார்கள்? அது அவர்களை எங்கே கூட்டிப்போனது என்று பார்த்தால் தெரியும்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பின்னிருக்கையில் பிள்ளைகளுக்கு நடுவே பை, கூரைமேல் கேரியரில் கூடாரமும் பெட்டிகளும். முன்பக்கப் பெட்டியில் பாதியை உபரிச் சக்கரமே அடைத்துக்கொள்ளும் என்பதால் கூரைதான் கதி. இப்படியே ஹங்கேரியின் பலாட்டோன் ஏரிக்கும், அதைத் தாண்டி பல்கேரியாவின் கருங்கடல் கரைக்கும் போனார்கள். மேற்கே போகக் கடவுச்சீட்டு கிடைப்பது கஷ்டம். சோஷலிச நாடுகளுக்குப் போவது எழுபதுகளில் எளிதானது; கிழக்கு ஜெர்மனியுடனான எல்லையை 1972 ஜனவரி முதல் விசா இல்லாமலே கடக்க முடிந்தது. போகும்போது விற்கக் கொஞ்சம் சரக்கு, வரும்போது ஊரில் கிடைக்காத கொஞ்சம் சாமான் என்று பயணச் செலவையும் சரிக்கட்டினார்கள். நியெவியாதூஃப் என்ற ஊரின் ஆலை, மாலுக் இழுக்கக்கூடிய எடையில் என்126 என்று ஒரு குட்டிக் கேரவனைச் செய்தது. 24 குதிரைத்திறன் வண்டி ஒரு வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனது.

அந்தத் தலைமுறை ஓட்டக் கற்றுக்கொண்டதும் பெரும்பாலும் இதில்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் மாலுக் நிறைய இருந்தது. கால் முடியாதவர்கள் கையாலேயே ஓட்டும்படி ஒரு வகையும் செய்தார்கள். பயண நேரத்தையும் இடத்தையும் தானே தீர்மானிக்கிற உரிமை, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் அரசு தீர்மானித்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. 1970-ல் ஐந்து லட்சத்துக்கும் குறைவாக இருந்த கார்கள் 1980-ல் இருபது லட்சத்தைத் தாண்டின. அரசு கொடுத்த வாக்கு முழுதாக நிறைவேறவில்லை. அதற்காக அது வெறும் ஏமாற்று என்றும் சொல்ல முடியாது.

கடன் கழுத்தை நெரித்த பிறகு

எழுபதுகளின் முடிவில் போலந்தின் வெளிநாட்டுக் கடன் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. 1980-ல் மறுபடி விலையேற்றம், மறுபடி வேலைநிறுத்தம். ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல் தளத்திலிருந்து சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது, கியெரெக் பதவி இழந்தார். மாலுக்கின் சொந்த ஊரான பியெல்ஸ்கோ-பியாவா வட்டாரத்தில் 1981 ஜனவரி கடைசியில் பொது வேலைநிறுத்தம் வெடித்து சுமார் பத்து நாள் நீடித்தது. அது சம்பளத்துக்கான போராட்டம் இல்லை. பதவியை வைத்துச் சொத்து சேர்த்த உள்ளூர் அதிகாரிகள் போக வேண்டும் என்பதே கோரிக்கை. அவர்கள் போகவும் வேண்டியிருந்தது. தாலோன் போன்ற சலுகைகளைப் பங்கிடுகிற இடங்களில் என்ன நடந்தது என்று மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தக் கோபத்தின் பின்னணி அதுவும்தான்.

அதே 1981-ல் அரசு மறுபடி ஒரு முறை கார்களுக்கு முன்பணம் வாங்கியது. டிசம்பர் 13-ல் ராணுவச் சட்டம் வந்தது. எண்பதுகளில் பெட்ரோலுக்கே ரேஷன். வரிசையில் நின்று கார் வாங்கியவர் இப்போது அதை ஓட்ட ரேஷன் பெட்ரோலுக்குக் காத்திருந்தார். இந்த ரேஷன் 1989 தொடக்கம் வரை நீடித்தது. இத்தாலியில் 126 தயாரிப்பு 1980-லேயே நின்றுவிட்டதால் போலந்துக் கார்கள்தான் வெளியே போயின. ஹங்கேரி, யூகோஸ்லாவியா, கியூபா, சீனா, எண்பதுகளின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக்கூட. உள்ளே வரிசையில் நின்றவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1987-ல் தண்ணீரால் குளிரும் எஞ்சினும் பின்கதவும் கொண்ட பிஸ் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். அது எடுபடவில்லை, 1991-ல் போய்விட்டது. பழைய காற்று எஞ்சின் அதையும் தாண்டி ஓடியது.

1989-ல் ஆட்சி மாறியது. 1990 தொடக்கத்தில் விலைகளை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். மேற்கிலிருந்து பழைய கார்கள் வெள்ளமாக வந்தன. பதினாறு வருடம் நீடித்த வரிசை மிக விரைவாகக் காணாமல் போனது. விலை தன் வேலையைச் செய்ய ஆரம்பித்ததும் தாலோனுக்கோ குலுக்கலுக்கோ வேலை இல்லை. இப்போது கேள்வி காசு இருக்கிறதா என்பது மட்டும்தான், அதுவும் பலரிடம் இல்லை. அதனால் மிக மலிவான புதுக் காராக மாலுக் இன்னும் பத்து வருடம் விற்றது. 1992-ல் ஃபியட் எஃப்.எஸ்.எம்.மை வாங்கியது. மாலுக் என்ற செல்லப் பெயரை 1997-ல்தான் கம்பெனியே அதிகாரப்பூர்வமாக எடுத்துக்கொண்டது. 2000 செப்டம்பர் 22-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. கடைசித் தொகுப்பு ஆயிரம் கார்கள், ஐந்நூறு மஞ்சள், ஐந்நூறு சிவப்பு.

கார் நின்றுபோன பிறகும் ஒரு கணக்கு முடியவில்லை. 1981-ல் முன்பணம் கட்டி, கார் வராமலே காத்திருந்தவர்கள் நிறையப் பேர். எண்பதுகளின் கடைசியில் எகிறிய பணவீக்கத்தில் அவர்கள் கட்டிய ஸ்லாட்டிகளுக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. புதிய போலந்து அரசு அவர்களுக்கு நஷ்டஈடு தரச் சட்டம் செய்தது. தாமதமாக வந்தவர்களும் 2000-த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பி.கே.ஓ. கிளைக்குப் பழைய ரசீதோடு போய், கிடைக்காத மாலுக்குக்கான பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.